கண் திறக்காத பித்தளை

தூத்துக்குடிப் பக்கம் நான் இருந்த ஆறு நாட்களில் "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று முப்பத்தோரு முறை கேட்டார்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணிவைத்தேன். ரயிலடிச் சுமைகூலிக்காரர் ஒருவர், சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், தங்கும் விடுதி மானேஜர்கள் இரண்டு பேர் என்று முதல் நாளிலேயே எட்டுக் கோடு. முதல் மூன்று பேருக்கு விளக்கமாகப் பதில் சொன்னேன். நாலாமவரிலிருந்து, "இனிமேல்தான் வரவேண்டும்" என்றேன். அது பொய் இல்லை. வரவேண்டியவள் அப்போது ஏரலில் ஒரு பட்டறையில் தலைகீழாகக் கிடந்தாள்.

நான் கொழும்பில் ஓர் அச்சகத்தில் செப்புத் தகடு செதுக்குகிறவள். தேயிலைப் பெட்டியின் ஒட்டுச்சீட்டு, துறைமுக வரைபடம், கல்யாணப் பத்திரிகையின் ஓரக்கொடி எல்லாம் எங்கள் கையில்தான் பிறக்கும். போர் வந்து ஆண்கள் குறைந்தபோது எங்களில் நாலு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும், இனி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று பேர் போனார்கள்.

நாங்கள் பதினொரு பெண்கள் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். டெலிபோனில் வேலை பார்ப்பவள், தாதிகள், ஆசிரியைகள், நான். தெருக்கோடியில் ஓர் அம்மன் கோயில் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிற பெண்கள் சந்நிதிக்கு நேரே நிற்பது அழகில்லை, தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று தர்மகர்த்தா ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியனுப்பினார். நாங்கள் தூணுக்குப் பின்னால் போகவில்லை. எங்கள் முன்னறைக்கே ஓர் அம்மனை வரவழைப்பதென்று அன்றே முடிவு செய்தோம். அந்த நவராத்திரிக்குள் வந்துவிட வேண்டும்.

ஆளுக்கொரு பித்தளைச் சாமான் கொடுத்தோம். பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது: ஓட்டைக் குடம் இரண்டு, குத்துவிளக்கின் தண்டு ஒன்று, குண்டு விழுந்த நாளில் அலமாரி சாய்ந்து நசுங்கிய செம்பு ஒன்று, கைப்பிடி போன வாணலி, காபி வடிகட்டி, கமலத்தின் தாலி ஏறாத கல்யாணச் சீரிலிருந்து தாம்பாளம் ஒன்று, இப்படிப் பதினொன்று. மூட்டையாகக் கட்டி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டுகிற சூசை அண்ணாச்சியிடம் ஏரல் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினோம். மூட்டைக்கான காகிதத்தில் பொருள் என்ற கட்டத்தில் 'உடைந்த பித்தளை' என்று எழுதியிருந்தது. அது பின்னால் என்ன பாடு படுத்தும் என்று யாரும் யோசிக்கவில்லை.

விடுதிகள் இரண்டும் கைவிரித்ததால் முதல் நாள் இரவே சூசை அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கடற்கரைத் தெருவில் சின்ன வீடு. நடுச்சுவரில் மாதா படம், அதன் கீழே ஒரு சங்கு. அவர் மனைவி எனக்குச் சோறும் சாளைமீன் குழம்பும் போட்டார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் இல்லாமல் மீன் குழம்பு இல்லை. இவர்கள் தேங்காயை அரைத்தே விடுகிறார்கள். காரம் அதிகம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சீனி ரேஷன் என்பதால் கருப்பட்டிக் காப்பி. அதையும் இரண்டு முறை.

"புருசன் இல்லாம இம்புட்டுத் தூரம் வந்திருக்கியே, பயமா இல்லையாளா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"புருசனோடு வந்திருந்தாலும் இதே தூரம்தானே" என்றேன். அடுக்களை வாசலில் நின்று சிரித்தார். அவரை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

மறுநாள் ஏரலுக்குக் கரி பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டில் எங்கள் பக்கமும் இவை ஓடின. ஆனால் இந்த வண்டியைப் போலக் கோபக்காரியைப் பார்த்ததில்லை. முதுகில் பெரிய பீப்பாய், அதில் கரி கனன்று புகை கிளம்பினால்தான் வண்டி நகரும். நாலு மைலுக்கு ஒரு முறை மூச்சடைத்து நின்றது. நிற்கும்போதெல்லாம் கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் விசிறியைச் சுற்றுவார். நாங்களும் இறங்கி உடைமர நிழலில் நிற்போம். மூன்றாவது முறை, கோழிக்கூடையோடு இருந்த ஓர் அம்மாள், "ஏலே, நாங்க தள்ளுதோம், நீ ஏறி ஒக்காந்து டிக்கட்டக் கிழி" என்றார். அப்படியே நடந்தது. இருபது மைலுக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்துக்கு ஐந்தரை மணி நேரம். குறித்துக்கொண்டேன், பின்னால் அந்தக் கணக்குத் தேவைப்பட்டது.

ஏரலில் தாமிரபரணியைக் கண்டதும் புகையெல்லாம் மறந்தது. இரு கரையும் வாழை. படித்துறையில் முகம் கழுவிவிட்டுப் பட்டறையைத் தேடிப் போனேன்.

ஆசாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் கஞ்சன். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அரம் போடுவதைத் தொடர்ந்தார். எங்கள் அம்மன் ஒரு கோணிமேல் கவிழ்ந்து கிடந்தாள். அவர் அரம் போட்டுக்கொண்டிருந்தது அவள் காலடியில் இருக்கும் எருமைத் தலையின் கொம்பை. அவர் மனைவி செல்லம்தான் எனக்குப் பலகை போட்டுத் தண்ணீர் கொடுத்து விவரம் சொன்னாள். மெழுகு வேலை முழுக்க அவளுடையது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சி, அவள் உருட்டிக் கொடுத்த கைகளைத்தான் ஆசாரி உடம்பில் பொருத்தியிருக்கிறார். அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் எங்கள் குடங்களையும் தாம்பாளத்தையும் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள்.

"ஐம்பொன்னுல ஊத்த வேண்டியதப் பழைய பாத்திரப் பித்தளையில ஊத்தச் சொன்னவுக நீங்கதானா?" என்றார் ஆசாரி. அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"பதினொரு அடுக்களையில் உழைத்த பித்தளை. அதற்கு மேல் சுத்தம் வேண்டுமா?" என்றேன்.

அவர் சிலையை நிமிர்த்தி வைத்தார்.

இரண்டு சாண் உயரம். எட்டுக் கை துர்க்கை. நான் கொழும்பிலிருந்து கட்டம் போட்ட தாளில் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்துப் படம் வரைந்து அனுப்பியிருந்தேன். அந்தப் படம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது, சுத்தமாக, யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லாமல். ஆசாரியின் அளவுகோல் ஒரு தென்னோலைக் கீற்று. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு வைத்திருந்தார். முகத்துக்கு ஒரு பங்கு, கழுத்திலிருந்து மார்புக்கு ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகும். நான் பையிலிருந்து என் எஃகு அளவுகோலை எடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தும் எடுத்தேன்.

என் படத்துக்கும் சிலைக்கும் மூன்று வேறுபாடுகள் இருந்தன.

கைகளை நான் எட்டையும் தோளிலிருந்து விசிறிபோல் பிரித்திருந்தேன். அது நண்டு மாதிரி இருந்ததாகச் செல்லம் சொன்னாள். ஆசாரி முன்கைகள் இரண்டை மட்டும் மனுஷிக்கு உள்ளதுபோல் வைத்து, மற்ற ஆறையும் முழங்கைக்குப் பின்னாலிருந்து கிளப்பியிருந்தார். நேரே பார்த்தால் ஒரு கை இன்னொரு கையை மறைக்கவில்லை. அளந்து பார்த்தேன். ஓலைதான் சரி.

இரண்டாவது, இடது முன்கை. நான் அதில் ஒரு மணியைக் கொடுத்திருந்தேன். அவர் மணியைப் பிடுங்கிவிட்டார். வலப்பக்கம் சக்கரம், வாள், அம்பு, அஞ்சாதே என்று காட்டும் உள்ளங்கை. இடப்பக்கம் சங்கு, கேடயம், வில். மிஞ்சிய கையை வெறுமனே இடுப்பில் ஊன்றியிருந்தாள். ஏழு கைக்கு வேலை, ஒரு கைக்கு ஓய்வு. எதிரே இருப்பவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயார், ஆனால் நகரத் தயாரில்லை என்பவள் நிற்கிற நிலை அது. மணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாவதைத்தான் கேட்டேன். என் படத்தில் புருவம் நெரிந்திருக்கும், உதடு இறுகியிருக்கும். இங்கே அவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எருமை அரக்கனைக் கொன்றவள் இப்படியா சிரிப்பாள், படத்தில் கோபம் காட்டியிருந்தேனே என்றேன்.

ஆசாரி அரத்தைக் கீழே வைத்தார். "காலுக்குக் கீழ பாத்தியளா? தலைய வெட்டியாச்சு. வெட்டினதுக்கு அப்புறம் எதுக்கு மொறைக்கணும்?"

அன்று இருட்டும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த அம்மன் படங்களில் எல்லாம் கோபம்தான் பலம் என்று காட்டியிருந்தார்கள். இவள் கையில் ஆறு சாமான் வைத்துக்கொண்டு முகத்தில் எதையும் வைக்கவில்லை. கண்ணும் இல்லை. இமை வளைவு இருந்தது, விழி இருக்க வேண்டிய இடம் முட்டை ஓடுபோல் வழவழப்பாக இருந்தது.

மூன்றாம் நாள், பீடத்தின் அடிப்பக்கத்தில் எங்கள் பதினொரு பேர் பெயரையும் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஆசாரி தோளைக் குலுக்கினார். உளிகளைச் சுற்றிவைத்த என் துணிச்சுருளை விரித்தேன். செம்பு உளிக்கு இணங்கிப் போகும். பித்தளை எதிர்த்துத் துள்ளும். கையை அதற்குப் பழக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் பெயர் கமலம். வெட்டி முடித்து ஊதிப் பார்த்தபோது செல்லம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, கமலம் சொவரப் பாத்து நிக்காளே!"

தகட்டில் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். ஆறு வருஷப் பழக்கம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி கமலத்தை முழுசாகத் திருப்பி வெட்டிவிட்டேன். வேறு யாருக்கும் இந்தத் தவறு வராது. ஆசாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். திரும்பி நிற்கட்டும், அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கை நடுங்கல" என்றார். மற்றப் பத்துப் பெயரையும் நேராக வெட்டினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் கண்ணைத் திறந்துவிடச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"நிக்கப்போற எடத்துலதான் தொறக்கணும். கண்ண முழிச்சிக்கிட்டு வண்டியிலயும் தோணியிலயும் ஆடிக்கிட்டுப் போறதுக்கா? தூங்கிக்கிட்டே போவட்டும்."

கொழும்பில் திறக்கப்போகிறவருக்கு என்று முறையைச் சொன்னார். நான் எண் போட்டு எழுதிக்கொண்டேன். ஒன்று, முகம் கிழக்கே. இரண்டு, திறப்பவர் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று, எதிரே வைத்த கண்ணாடியில் பார்த்துத் திறக்க வேண்டும். மூன்று, வலக்கண் முதலில். நாலு, விழி வட்டத்தை வெட்டிக்கொண்டு, நடுப்புள்ளியைக் கடைசியில் வைக்க வேண்டும். புள்ளி விழும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது, முதல் பார்வை பொல்லாதது, தாங்காது. ஐந்து, திறந்ததும் நல்ல பொருள் எதையாவது காட்ட வேண்டும். அந்த ஓலைக் கீற்றைச் சுருட்டி அம்மனின் இடுப்பில் நூலால் கட்டினார். விழி வரவேண்டிய அகலம் அதில் கடைசி மடிப்பில் இருந்தது.

ஐந்தாம் நாள் பஸ் வரவே இல்லை. வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டியில் அம்மனை வைக்கோலுக்குள் படுக்கவைத்து, நான் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, விடிகாலை கிளம்பி விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தூத்துக்குடி சேர்ந்தேன். வண்டிக்காரர் வழி நெடுக, கூட யாரும் வரவில்லையா என்று மூன்று முறை கேட்டார். வைக்கோலைக் காட்டினேன். மூன்று கோடு போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை சூசை அண்ணாச்சியும் நானும் துறைமுகக் கிடங்குக்குப் போனோம். அம்மன் தோணியில் போவாள், நான் ரயிலிலும் கப்பலிலும் போய் அங்கே அவளை எதிர்கொள்வேன் என்பது ஏற்பாடு. தோணி அன்று நடுப்பகலுக்குக் கிளம்ப வேண்டும். காற்று மாறப் போகிறது, இதை விட்டால் தீபாவளி கழித்துத்தான் அடுத்த நடை என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நவராத்திரிக்குப் பத்து நாள் இருந்தது.

கிடங்கு வாசல் கடலைப் பார்த்திருந்தது. உள்ளே தோணிக்குப் போகவேண்டிய வெங்காய மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், கருவாட்டுச் சிப்பம். வேறொரு மூலையில் பிடித்துவைத்த உலோகக் குவியல்: குழாய், அண்டா, கப்பல் கதவின் கைப்பிடி, நாக்கில்லாத மணி ஒன்று. ஏலத்துக்குப் போய் உருகவேண்டியவை.

அண்ணாச்சி சாக்கை அவிழ்த்து அம்மனைக் கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் நிறுத்தினார். முதல்முறை பார்க்கிறார். இடது மேல்கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் இளவட்டத்தில் சங்கு குளித்தவர்.

"வலம்புரியில்லா புடிச்சிருக்கா! எங்காளுக ஒரு தலைமொற முங்கினாலும் ஒண்ணு கெடைக்காது. ஒங்க ஆசாரி மெழுகுல உருட்டிப் போட்டுட்டான்."

சுங்க அதிகாரி வந்தார். நெற்றியில் திருநீறு மூன்று கோடும் அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல் இருந்தது. காகிதத்தைப் படித்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார், முப்பத்தொன்று. பென்சிலின் பின்பக்கத்தால் அம்மனின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்டார்.

"உடைந்த பித்தளைன்னு வந்திருக்கு. பித்தளை வெளியே போகக் கூடாது. போர்க்கால உத்தரவு இன்னும் அமலில் இருக்கு."

இது இப்போது உடைந்த பித்தளை இல்லை, விக்கிரகம் என்றேன். செய்து முடித்த சாமானுக்குத் தடை இல்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். "முடியலையே. கண் எங்கே?"

போய்ச் சேர்ந்த பிறகுதான் திறப்பது வழக்கம் என்றேன்.

"நானும் கோயிலுக்குப் போறவன்தான். கண் திறக்கிற வரைக்கும் அது விக்கிரகம் இல்லை, வெறும் உலோகம்னு சாஸ்திரமே சொல்லுது. நான் சொல்லலை." காகிதத்தில் எழுதினார்: முடியாத வார்ப்பு, பித்தளை. "இங்கேயே இருக்கட்டும். சென்னைக்கு எழுதிப் போடுங்க. ஒன்றரை மாசத்தில் பதில் வரும்."

"கை எட்டும் முடிஞ்சிருக்கு சார், கண்ணு ரெண்டுதான பாக்கி" என்றார் அண்ணாச்சி. அதிகாரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் ஒருவரிடம் மூலையிலிருந்த குவியலைக் காட்டி, அங்கே வைக்கச் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. கமலத்தின் தாம்பாளம், நசுங்கிய செம்பு, குடம், எல்லாம் அந்த நாக்கில்லாத மணியோடு போய்ச் சேரும். கத்தலாம் என்றுதான் வாயெடுத்தேன். எதிரே கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் ஒருத்தி இடுப்பில் கை ஊன்றி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, பிறகு கேட்டேன்.

"கண் இருந்தால் முடிந்தது என்று எழுதுவீர்களா?"

"எழுதுவேன்."

"கண் மட்டும்தானே? வேறு குறை எதுவும் இல்லையே?"

"கண் மட்டும்தான்."

எத்தனை மணி வரை இங்கே இருப்பார் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். மணி ஒன்பதே முக்கால். ஏரலுக்குப் போகவே ஐந்தரை மணி நேரம். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். நான் பையிலிருந்து உளிச் சுருளை எடுத்து வெங்காய மூட்டையின்மேல் விரித்தேன்.

அதிகாரியின் குமாஸ்தா எழுந்து வந்துவிட்டார். "பொம்பளை கண் திறக்கிறதா? எங்கேயாவது உண்டா?" அதிகாரியும் தலையை ஆட்டினார். விக்கிரகத்துக்குக் கண் திறப்பது விரதமிருந்து, மந்திரம் சொல்லி, அதற்கென்று பிறந்தவர்கள் செய்கிற காரியம், நீங்கள் தொடக் கூடாது என்றார்.

"விக்கிரகத்தை நான் தொடவில்லை. இது வார்ப்பு என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். உலோகத்தில் வெட்டுவதற்கு எனக்குச் சான்றிதழ் இருக்கிறது" என்று அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதை இருபுறமும் படித்தார். திருப்பிக் கொடுத்தார். குமாஸ்தாவை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

முகம் கிழக்கே. வாசல் கிழக்கே பார்த்து இருந்ததால் சிப்பத்தைக் கால்வட்டம் திருப்பினால் போதுமாயிருந்தது. எதிரே கண்ணாடி வேண்டும். அண்ணாச்சி தோணிக்குப் போய்த் தன் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து, எதிர்ச் சிப்பத்தில் சாய்த்துவைத்தார். கையகலக் கண்ணாடி, ஒரு மூலையில் விரிசல். பிறகு என்ன நினைத்தாரோ, அந்தப் பக்கம் கிடந்த கருவாட்டுச் சிப்பங்களை ஒவ்வொன்றாக இழுத்து அம்மனின் முதுகுப்பக்கம் அடுக்கினார். "கண்ணு முழிச்சதும் மொதல்ல கருவாட்டயா பாக்கணும்" என்று முணுமுணுத்தார்.

ஓலையை அவிழ்த்துக் கடைசி மடிப்பை இமைமேல் வைத்துக் குறித்தேன். அம்மனின் தோளை ஒட்டி நின்று, கையை முகத்துக்கு முன்னால் வளைத்து, கண்ணாடியைப் பார்த்தேன். அதில் வலது இடதாகத் தெரிந்தது; உளியை இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போனது. வேறு யாருக்கும் அது தலைசுற்றும். எனக்கோ ஆறு நாளில் முதல் தடவையாக என் மேஜைக்குத் திரும்பிவிட்டது போல் இருந்தது. நேரே பார்த்து வெட்டச் சொல்லியிருந்தால்தான் திணறியிருப்பேன்.

வலக்கண்ணின் வட்டம் முடிய முக்கால் மணி நேரம். இடக்கண் அதற்குள்ளாக. கிடங்குக் கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். மூக்குத்திக்குக் கல் வைக்கவில்லையே என்று ஒருவர் குறை சொன்னார். முத்துக் கடற்கரையிலிருந்து அம்மன் வெறும் மூக்கோடு போவதா என்று இன்னொருவர். அண்ணாச்சி எல்லாரையும் பக்கவாட்டில் ஒதுக்கினார். தானும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

புள்ளி வைக்கிற கூருளியை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் அதிகாரியின் கால்சட்டை தெரிந்தது. நேர் எதிரே, கைகட்டி நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் விலகி நில்லுங்கள்" என்றேன்.

"ஏன்?"

குறிப்பேட்டை எடுத்து நாலாவதை வாசித்துக் காட்டினேன். "கண்ணாடி கையகலம்தான். உங்களை மறைக்காது. ஆனால் இது வார்ப்பு என்றால் ஒன்றும் ஆகாது, நீங்கள் நிற்கலாம். எழுதியது நீங்கள். உங்கள் இஷ்டம்."

வெளியே யாரோ தோணியில் கயிறு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. நான் உளியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். கை நடுங்கவில்லை. அவர் அம்மனைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கூடியிருந்தவர்களைப் பார்த்தார். முதலில் ஒரு காலை நகர்த்தினார். பிறகு மற்றக் காலையும். பிறகு இரண்டு எட்டு வைத்துச் சுவரோரம் போய் நின்றார்.

வலக்கண்ணில் ஒரு தட்டு. இடக்கண்ணில் ஒரு தட்டு.

கண்ணாடியில் அவள் விழித்துப் பார்த்தாள். அவள் முகத்தை ஒட்டி அதே கண்ணாடியில் இன்னொரு முகமும் இருந்தது. என்னுடையது. எதிரே யாரும் நிற்கக் கூடாது என்றுதான் ஆசாரி சொல்லியிருந்தார். பக்கத்தில் நிற்பவளைப் பற்றிப் பட்டியலில் ஒன்றும் இல்லை. எனக்கு எதுவும் ஆகவில்லை. அண்ணாச்சி ஒரு கருப்பட்டியை உடைத்துக் கொண்டுவந்து அவளுக்குக் காட்டினார். கண்ணாடியை எடுத்துவிட்டோம். இப்போது அவளுக்கு எதிரே திறந்த வாசலும் கடலும் தோணியும்.

அதிகாரியின் மேஜை அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அவள் முன்னால் நேராகக் கடந்தால் நாலு எட்டு. அவர் அப்படிப் போகவில்லை. செருப்பைச் சுவரோரம் கழற்றிவைத்துவிட்டு, வெங்காய மூட்டைகளுக்கு இடையில் புகுந்து, அவள் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த கருவாட்டுச் சிப்பங்களைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனார். 'முடியாத வார்ப்பு, பித்தளை' என்பதை அடித்தார். பேனாவைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காகிதம் என்னிடம் இருக்கிறது. பொருள் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் இருப்பது இதுதான்: அம்மன், ஒன்று.